பின் அறை இருட்டாக இருக்கிறது

யாராவது நேராகக் கேள்வி கேட்டால் எனக்குப் பயமில்லை. பெயர் என்ன, எங்கே போகிறாய், பையில் என்ன என்று கேட்பவனுக்குப் பதிலைச் சொல்லிவிட்டு நடக்கலாம். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் ஒருவன் சிரித்துக்கொண்டே "பை பாரம் போல இருக்கு" என்றான். கேள்வியும் இல்லை, கட்டளையும் இல்லை. நானும் சிரித்துக்கொண்டு "ஓம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அதற்கு என்ன கிடைத்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அன்றிலிருந்து 'போல இருக்கு' என்று முடிகிற எந்த வசனத்தையும் நான் நம்புவதில்லை.

இந்தக் குணத்தோடுதான் மெல்பேர்னில் ஒரு யூத ஜெப ஆலயத்தில் கட்டடப் பராமரிப்பு வேலைக்குப் போனேன். நான் படகில் வந்தவன். என் விசா தற்காலிகமானது. அதைப் புதுப்பிக்கிற காலம் வந்தால் நித்திரை போய்விடும். ஆகவே கிடைத்த வேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நான் இருக்கிற டண்டினோங்கிலிருந்து ரயில், பிறகு டிராம். வாசலில் காவலுக்கு நிற்பவர் ஒவ்வொரு முறையும் என் பையைத் திறந்து பார்ப்பார். சாப்பாட்டுப் பெட்டியை அவருடைய காவல் கூட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், ஏனென்றால் உள்ளே அவர்களுடைய குசினிக்கு வெளிச் சாப்பாடு போகக் கூடாது. எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. அவர் நேராகக் கேட்டார், நான் திறந்து காட்டினேன். அங்கே எல்லோருக்கும் எல்லோர் மேலும் ஒரு கண் இருந்தது. அதற்கு அவர்களுக்குக் காரணமும் இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பழகின சூழல்.

வாரத்தில் ஐந்து நாள் வேலை. அதில் சனிக்கிழமைதான் முக்கியம். அது அவர்களுடைய ஓய்வுநாள். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும்வரை அவர்கள் லைட் போட மாட்டார்கள், அணைக்க மாட்டார்கள், போனைத் தொட மாட்டார்கள், ஒரு எழுத்துக்கூட எழுத மாட்டார்கள். பெரிய மண்டபத்து லைட்டுகள் நேரம் வைத்துத் தாமாகவே எரிந்து அணையும். மற்ற இடங்களில் சுவிட்சுகளுக்கு மேல் வெள்ளை டேப் ஒட்டி, அதில் 'ஓய்வுநாளில் தொடாதே' என்று எழுதியிருக்கும். முதல் நாளே அலுவலக நிர்வாகி என்னை எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அறுபது வயது இருக்கும், வேகமாக நடக்கிற பெண்மணி.

"டேப் ஒட்டின சுவிட்சை ஓய்வுநாளில் ஒருத்தரும் தொடக் கூடாது" என்றார்.

"சரி மிஸ்" என்றேன். மிஸ் என்று கூப்பிட வேண்டாம் என்றார். அதற்கும் "சரி மிஸ்" என்றேன்.

ஒருத்தரும் என்றால் நானும்தானே. எழுதியும் ஒட்டியிருக்கிறது. ஊரில் நான் கந்தோரில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன், எழுதியிருப்பதை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை.

கட்டடத்தின் பின்பக்கம் ஒரு பழைய அறை இருந்தது. யன்னல் ஒன்றுதான், அதற்கும் வெளியே பக்கத்து வீட்டு மதில், வெயில் காலத்தில் மட்டும் வாசிக்க வெளிச்சம் போதும். சுவரில் ஒரு பழைய ஹீட்டர். பழைய வயர் என்ற தீப் பயத்தில் அதையும் லைட்டையும் இரவில் எரியவிடுவதில்லை. அந்த அறையில் சனிக்கிழமைகளில் பதின்மூன்று தொடக்கம் பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு தனி வழிபாடு நடத்தினார்கள். நடத்தினார்கள் என்றால் அவர்களேதான். பெரியவர் ஒருவரும் உள்ளே இல்லை.

இதை நான் நம்பவில்லை. எங்கள் ஆட்களின் விழாவில் 'இளையோர் நிகழ்ச்சி' என்று போட்டிருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அறுபது வயது அங்கிள் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இளையோர் முன்வர வேண்டும் என்று ஒரு மணித்தியாலம் பேசுவார். முன்வருவதற்கு மேடையில் இடம் இருக்காது. ஆகவே இங்கேயும் எங்கேயோ ஒரு அங்கிள் ஒளிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கதிரை அடுக்குகிற சாக்கில் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னாலும் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை.

எல்லாவற்றையும் ஆட்டி வைத்தது ஒரு பெண்பிள்ளை. பதினாறு வயது, பல்லில் கம்பி, சுருட்டை முடி. இந்தச் சபையில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற பேதம் இல்லை. பதின்மூன்று வயது தாண்டிய யாரும் வேதத்தை வாசிக்கலாம். புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்து பழக்குவாள். யார் வாசிப்பது, யார் வாசலில் நின்று வரவேற்பது, யார் அந்த வாரத்துக் குட்டிப் பேச்சைப் பேசுவது என்று பிரித்துக் கொடுப்பாள். குரல் உடைகிற வயதில் ஒரு பையன் இருந்தான். அவன் வாசிக்கும்போது மற்றவர்கள் சிரித்தால் அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிடும். நான் வேலை செய்த கந்தோரில் எந்த அதிகாரிக்கும் அப்படி ஒரு பார்வை வாய்க்கவில்லை.

குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை நிர்வாகி என்னை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"பின் அறையில் பிள்ளைகளின் வழிபாடு நடக்கிறதல்லவா? சபையில் சிலருக்கு அதில் சந்தேகம். பிள்ளைகள் போனதால் பெரிய மண்டபம் வெறிச்சென்று இருக்கிறது என்கிறார்கள். அங்கே அவர்கள் சும்மா இருந்து கதைக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். குளிர்காலம் முடியுமுன் நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும். வாரம் பத்துப் பேராவது வர வேண்டும். பத்துப் பேர் இல்லாமல் வேதச் சுருளை வெளியே எடுக்க முடியாது."

"என்னால் என்ன மிஸ்?"

"சனிக்கிழமை நாங்கள் எழுத மாட்டோம். நீங்கள் எழுதலாம். எத்தனை பேர், என்ன நடக்கிறது என்று குறித்து வையுங்கள். இது நமக்குள் இருக்கட்டும்."

நமக்குள் இருக்கட்டும். இந்த வார்த்தையை நான் மூன்று மொழியில் கேட்டிருக்கிறேன், எந்த மொழியிலும் அதற்குப் பிறகு நல்லது நடந்ததில்லை. ஊரில் தகவல் சொல்கிறவனுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குப் பயந்துதான் நான் படகில் ஏறினேன். ஆனால் வேலை, விசா, வீட்டு வாடகை என்று மூன்றும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கண்ணுக்கு முன் வந்து நின்றன. "சரி மிஸ்" என்றேன். வெட்கமாக இருந்தது. இருந்தும் டிராமிலிருந்து இறங்கி ஒரு சின்னக் கொப்பி வாங்கினேன்.

அடுத்த சனி காலை. வெளியே மழை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பின் அறைக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்பிள்ளை நடைபாதைக்கு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"இட்ஸ் வெரி டார்க் இன் தேர்" என்றாள். உள்ளே நல்ல இருட்டாக இருக்கிறது என்கிறாள்.

நான் அறையைப் பார்த்தேன். இருட்டாகத்தான் இருந்தது. "யெஸ், வின்ரர்" என்றேன், குளிர்காலம்தானே.

அவள் போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எழுத்துத் தெரியவில்லை. வாசிக்கிறவர்களுக்குக் கஷ்டம்" என்றாள்.

"கஷ்டம்தான்" என்றேன்.

இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். டேப் ஒட்டியிருப்பதும் தெரியும். அப்படியிருக்க என்னிடம் வந்து இருட்டு என்று ஏன் சொல்ல வேண்டும்? நான் டேப்பில் கை வைக்கிறேனா என்று பார்க்கிறாள். வைத்தால் திங்கட்கிழமை முறைப்பாடு போகும். எனக்கு விளங்கிவிட்டது. கொப்பியை எடுத்துத் தமிழில் எழுதினேன்: '10.20. பெண்பிள்ளை வந்தாள். இருட்டு என்றாள். ஆம் என்றேன். பதினான்கு பேர்.' நிமிர்ந்தபோது அவள் கதவடியில் நின்று என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாரம் குரல் உடைகிற பையனை அனுப்பியிருந்தாள். "சின்னப் பிள்ளைகளுக்குக் கை விறைக்கிறது" என்றான். ஜக்கெற் போடச் சொன்னேன். மூன்றாவது வாரம் அவளே வந்தாள். "அந்த ஹீட்டர் நல்ல ஹீட்டர்" என்றாள். "பழைய சாமான், உறுதிதான்" என்றேன். அவளுடைய வாய் கொஞ்சம் கோணியது. அவர்கள் எல்லோரும் கதிரைகளை அந்த ஒற்றை யன்னலடிக்கு இழுத்து, ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் எட்டிப் பார்த்து வாசித்தார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான் என்று அப்போதும் நினைத்தேன். சூழ்ச்சியும் கெட்டித்தனம்தானே என்றும் நினைத்தேன்.

வாரா வாரம் ஆள் குறைந்தது. பதின்மூன்று. பதினொன்று. பதினொன்று. பத்து. குறைந்தவர்கள் வீட்டில் நிற்கவில்லை, பெரிய மண்டபத்தில் தகப்பனுக்கோ தாய்க்கோ பக்கத்தில் சூடாக இருந்தார்கள். நான் ஒவ்வொன்றையும் அழகான கையெழுத்தில் குறித்தேன்.

ஆறாவது வாரம்தான் விசித்திரம். அவள் அறை நடுவில் நின்று ஒவ்வொரு தலையாக விரலைக் காட்டி, "நொட் வன், நொட் டூ, நொட் த்ரீ" என்று சொல்லிக்கொண்டு போனாள். ஒன்று இல்லை, இரண்டு இல்லை. இருக்கிற பிள்ளையைக் காட்டி இல்லை என்கிறாள். நான் கதவடியில் எண்ணுவதைக் கண்டுவிட்டாள், என் கணக்கைக் குழப்பப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். 'நொட் நைன்' என்றதோடு அவளுடைய விரல் நின்றது. அவள் கதவைப் பார்த்தாள். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். கதவில் நான்தான் நின்றேன், என்னைச் சேர்க்க முடியாது. அன்றைக்கு வேதச் சுருள் இருக்கிற பெட்டி திறக்கப்படவில்லை. வாசிக்கப் பழகி வந்த பையன் தன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான். நான் எழுதினேன்: 'ஒன்பது பேர். பெண்பிள்ளை ஒன்பது இல்லை என்கிறாள்.'

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சாய்ந்தேன்.

"தலை இடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றேன்.

மனைவி எழும்பிப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள். தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, அந்தப் பிள்ளை இன்றைக்கு என்ன சொன்னாள் என்று கேட்டாள். ஒவ்வொரு வாரமும் கதை கேட்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

"ஏனப்பா, அதுகள் லைற்றைப் போடச் சொல்லிக் கேட்டிருக்குதுகள்" என்றாள்.

"கேக்கேல்ல. இருட்டு எண்டுதான் சொன்னவள்."

"நீங்கள் இப்ப என்னட்டத் தேத்தண்ணி கேட்டனீங்களே?"

"இல்லை."

"கலியாணம் முடிச்ச நாளில இருந்து ஒருநாள் கேட்டிருக்கிறீங்களே? தலை இடிக்குது எண்டுவீங்கள். இல்லாட்டி, மழைக்குணமாக் கிடக்கு எண்டுவீங்கள். நான் எழும்பிப் போய் வைக்கிறன். நானும் உங்களை மாதிரி, ஓம் மழைதான் எண்டு சொல்லிக்கொண்டு இருந்திருந்தால் நீங்கள் இண்டைவரைக்கும் தேத்தண்ணி குடிச்சிருக்க மாட்டீங்கள்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். டேப் இருக்கிறதே, ஒருத்தரும் தொடக்கூடாது என்று சொன்னார்களே என்று வாதாடிப் பார்த்தேன். "அந்த ஒருத்தரில நீங்கள் எப்பிடி வருவீங்கள்? உங்களுக்கென்ன ஓய்வுநாள்?" என்றாள். ஞாயிறும் திங்களும் செவ்வாயும் என் மனம் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும்.

புதன்கிழமை வாசிப்புப் பயிற்சிக்கு அந்தப் பெண்பிள்ளை முதல் ஆளாக வந்தாள். பள்ளிக்கூடச் சீருடை, முதுகில் பை. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டேன். "அறை இருட்டு என்று என்னிடம் ஏன் சொன்னீர்கள்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு உண்மையாகவே தெரியாதா?"

"தெரியாது."

"எங்களுக்குத் தடுத்த வேலையை ஓய்வுநாளில் வேறொருவரிடம் செய்யுங்கள் என்று கேட்கக் கூடாது. இருப்பதைச் சொல்லலாம். முன்பு இருந்தவர் நான் வாய் திறக்கும்போதே சுவிட்சைப் போட்டுவிடுவார்."

"அப்போ டேப்?"

"அது எங்களுக்கு. மறதியாகக் கை போய்விடாமல் இருக்க."

எங்களுக்கு. எழுதியிருந்ததை நான் சரியாகத்தான் வாசித்திருந்தேன், யாருக்கு எழுதியது என்பதைத்தான் பார்க்கவில்லை. கந்தோரில் இருபது வருடம் கடிதம் பிரித்தவன் விலாசத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

"ஏன் ஒரு சாதாரண நாளில் வந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாது?" என்றேன். குரலில் கோபம் வந்துவிட்டது. என் மேல்தான் கோபம், அவளுக்கு அது எப்படித் தெரியும்?

அவளும் விடவில்லை. "நீங்கள் தெரிந்துகொண்டே லைட்டைப் போடாமல் விடுகிறீர்கள் என்று நினைத்தோம். எங்களை மூட வேண்டும் என்கிற ஆட்களின் ஆள் நீங்கள் என்று நினைத்தோம். இந்தக் கட்டடத்தில் சனிக்கிழமை எழுதுகிற ஒரே ஆள் நீங்கள். எங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினீர்கள்."

ஆக அவளும் ஆறு வாரமாக என்னைச் சந்தேகித்திருக்கிறாள். ஒரு வித்தியாசம், அவளுடைய சந்தேகம் பாதி சரி. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "உங்களைத்தான் எழுதினேன். எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள்" என்றேன். நமக்குள் இருக்கட்டும் என்பதை அப்படி உடைத்தேன்.

அவள் பையைக் கழற்றிக் கதிரையில் வைத்தாள். "கடைசி வாரத்துக்கு என்ன எழுதினீர்கள்?"

"ஒன்பது. ஆனால் நீங்கள் ஒன்பது இல்லை என்று சொன்னதையும் எழுதினேன்."

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். பல்லுக் கம்பி தெரிய, அடக்க முடியாமல் சிரித்தாள். ஆட்களை எண்ணக் கூடாதாம். எண்ணினால் கெட்டது வந்து சேரும் என்று பழைய ஆட்கள் பயந்தார்களாம். அதற்காக ஒன்று இல்லை, இரண்டு இல்லை என்று எண்ணுவார்களாம். நாவூறு, கண் திருஷ்டி என்று என் மனம் உடனே சொல்லியது. ஆறு வாரமாகப் பிள்ளைகளின் தலைகளை எண்ணி எழுதி வைத்திருக்கிறேன், குறையாமல் என்ன செய்யும்?

சிரிப்பு நின்றதும் அவளுடைய முகம் மாறியது. "ஞாயிற்றுக்கிழமை முடிவெடுக்கிறார்கள். இந்த அறையைப் பெற நான் இரண்டு வருடம் கேட்டேன். போனால் திரும்பத் தர மாட்டார்கள். பெரிய மண்டபத்தில் நாங்கள் பின் வரிசையில் இருப்போம், யாரும் எங்களை எதற்கும் கூப்பிட மாட்டார்கள்." இதை அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அதனால்தானோ என்னவோ, எனக்கு நன்றாகச் சுட்டது.

வியாழக்கிழமை நிர்வாகி கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, தமிழில் இருக்கிறதே என்று திருப்பித் தந்தார். "நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்."

அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று நான் என்ன வாசித்தாலும் அதுதான் எண். சரிபார்க்க அந்தக் கட்டடத்தில் ஒரு நாதி இல்லை. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு சந்தேகமும் இல்லாமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அப்படி நம்பி யாரும் எதிரில் இருந்து எத்தனை காலம் என்று எனக்கு நினைவில்லை. விசாவுக்காக நடந்த நேர்முகங்களில் நான் சொன்ன உண்மைகளையே இரண்டு தரம் திருப்பிக் கேட்டவர்கள்தான் உண்டு. பொய் நாக்கு நுனியில் இருந்தது. அது பிள்ளைகளுக்கு உதவியிருக்கும். ஆனால் உதவி முடிந்ததும் நான் யார்? எழுதியதை எழுதியபடியே வாசித்தேன்.

"பத்து இருபது. பெண்பிள்ளை வந்தாள். இருட்டு என்றாள். ஆம் என்றேன். பதினான்கு பேர்."

அவருடைய பேனா நின்றது. "ஆம் என்றீர்களா?"

"ஆம் என்றேன் மிஸ். அடுத்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கை விறைக்கிறது என்றான். ஜக்கெற் போடச் சொன்னேன். பதின்மூன்று பேர்."

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது வாரம் வரும்போது சிரிப்பு இல்லை. ஆறாவதை வாசித்து முடித்து, "அறை இருட்டாக இருந்தது. ஹீட்டர் எரியவில்லை. சுவிட்ச் என் பொறுப்பில் இருந்தது" என்றேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ஒருத்தரும் என்று நான்தான் சொன்னேன்" என்றார். கொப்பியை வாங்கி மூடித் திருப்பித் தந்தார். "குழுவில் பிடிவாதமாக இருப்பவர் ஒருவர்தான். இந்தச் சனிக்கிழமை அவரை நேரில் வந்து பார்க்கச் சொல்கிறேன். ஆனால் அவரைப் பத்தில் சேர்க்க முடியாது. பத்தும் பிள்ளைகளாக இருக்க வேண்டும்."

அந்தச் சனிக்கிழமை அவள் வருமுன்னே நான் பின் அறைக்குள் போனேன். டேப்பின் ஒரு பக்கத்தைக் கிளப்பி, சுவிட்சைப் போட்டு, டேப்பைத் திரும்ப ஒட்டிவிட்டேன். ஹீட்டரையும் போட்டேன். கொப்பியும் பேனாவும் வீட்டில். பிள்ளைகள் வந்தார்கள், லைட்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"அறை நல்ல வெளிச்சமாக இருக்கிறது" என்றாள்.

பழக்கதோஷம், இப்போது என்ன வேண்டுமாம் என்று ஒரு கணம் யோசித்தேன். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

குழுவின் பெரியவர் வந்தார். கைத்தடியோடு கதவுக்கு வெளியே ஒரு கதிரையில் இருந்தார். முகத்தில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான். வழிபாடு தொடங்கியது. சுருள் எடுக்கிற கட்டம் நெருங்கியது. நான் எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். ஒன்பது. சூடு வந்த செய்தி பெரிய மண்டபத்துக்கு எப்படிப் போகும்? விட்டுப்போனவர்களுக்கு அது இன்னும் இருட்டு அறைதான். அந்த இருட்டு என்னால் வந்தது. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் நடைபாதையால் பெரிய மண்டபத்துப் பக்கம் போனேன். தண்ணீர் குடிக்கிற இடத்தில் ஒரு நெடிய பெண்பிள்ளை நின்றாள். மூன்றாவது வாரத்திலிருந்து பின் அறைக்கு வராமல் விட்டவள். அவளிடம் போய் என்ன சொல்வது? அவர்களுடைய வழிபாட்டுக்கு வா என்று கூப்பிட நான் யார்? கூப்பிடுகிற உரிமை எனக்கு இல்லை. இருப்பதைச் சொல்லலாம்.

"பின் அறை இப்போது சூடாக இருக்கிறது" என்றேன்.

"ஓ, நல்லது" என்றாள். தண்ணீரைக் குடித்தாள்.

எனக்கு முன்னால் வந்து நின்று பார்த்த அந்தச் சுருட்டை முடிப் பிள்ளை எத்தனை பொறுமையாக நின்றாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் போகாமல் நின்றேன். "லைட்டும் எரிகிறது" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "ஒரு கதிரை சும்மா இருக்கிறது" என்றேன்.

அவள் கப்பை வைத்தாள். நடக்கத் தொடங்கி, பிறகு ஓடினாள். நான் பின்னால் போனபோது அவள் உள்ளே போய்விட்டிருந்தாள். பெரியவர் தடியை ஊன்றி எழுந்து, கதவடியில் வந்து நின்றார். அறை நடுவில் சுருட்டை முடிக்காரி எல்லோருடைய தலைக்கும் மேலாக விரலை நகர்த்திக்கொண்டிருந்தாள். கடைசித் தலையில் விரல் நின்றது. அவள் கதவைப் பார்த்து, பெரியவரைத் தாண்டி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நொட் டென்."